ராயக்கோட்டைக்கு வந்த இருட்டுப்பெட்டி

பாரமகால் மலைக்கோட்டைகளின் பழைய படம் என்று எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் எது வந்தாலும், பெரும்பாலும் அது டேனியல்கள் வரைந்ததாகத்தான் இருக்கும். ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜெகதேவி, ஓசூர். தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் இந்த வழியாகப் போனபோது பென்சிலால் எடுத்த குறிப்புகள், பின்னால் லண்டனில் செப்புத்தகட்டில் ஏறி, கையால் வண்ணம் பூசப்பட்டு, ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 1795இலிருந்து 1808 வரை வெளிவந்தன. மொத்தம் 144 படங்கள். காசிப் படித்துறை, தஞ்சைப் பெரிய கோயில் எல்லாம் இருக்கிற அந்த வரிசையில் எங்கள் ஊர்ப் பாறைகளுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமையில்தான் பகிர்கிறார்கள். நானும் பகிர்ந்திருக்கிறேன்.

இந்த இரண்டு பேரைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அவர்கள் இந்தியாவுக்கு வந்தது சீனா வழியாக. திரும்பிப் போனதும் சீனா வழியாகத்தான். 1785 ஏப்ரலில் இங்கிலாந்தில் கப்பல் ஏறியவர்கள் அந்த ஆகஸ்டில் கான்டன் அருகே வாம்போவாவில் இறங்கினார்கள். அங்கே சில மாதங்கள் சுற்றிவிட்டு 1786 தொடக்கத்தில்தான் கல்கத்தா. 1793இல் பம்பாயிலிருந்து கிளம்பி மறுபடி கான்டன் போய், 1794 செப்டம்பரில் ஊர் சேர்ந்தார்கள். 1810இல் ‘சீனா வழியாக இந்தியாவுக்கு ஒரு பயணம்’ என்ற பொருளில் ஒரு படப்புத்தகமே போட்டார்கள்.

அதாவது, மலையை வரைவதில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு நாட்டை இரண்டு முறை தொட்டுவிட்டு வந்தவர்கள், இடையில் நம்ம ஊர் மலைகளை வரைந்தார்கள். அந்த நாட்டுப் பார்வை இவர்கள் கையில் எங்கேயாவது ஒட்டியதா? என் பதில்: ஒட்டவில்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அந்த ஓர் இடம் பாரமகால். அங்கேயும் ஒட்டவைத்தது சீனா இல்லை, பாறை.

இதைச் சொல்ல முதலில் கோடு போடுவது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த எவருக்கும் முதல் வருஷம் நினைவிருக்கும். முதுகில் சார்ட் ரோல், கையில் மினி டிராஃப்டர், பஸ்ஸில் பக்கத்து ஆளைக் குத்திக்கொண்டே போவோம். எஞ்சினியரிங் டிராயிங் வகுப்பில் கடைசியாக வரும் பாடம் பெர்ஸ்பெக்டிவ். ஒரு பெட்டி, அதற்கு முன் ஒரு கண், நடுவில் ஒரு கண்ணாடித் தளம். கண் அசையக் கூடாது. கண்ணிலிருந்து விலகிப் போகிற இணைகோடுகள் எல்லாம் அடிவானத்தில் ஒரு வானிஷிங் பாயிண்டில் போய்ச் சேரும். அதற்கு முந்தைய பாடம் ஐசோமெட்ரிக். அதில் கோடுகள் எங்கும் போய்ச் சேராது, இணையாகவே ஓடிக்கொண்டிருக்கும். பசங்களுக்கு ஐசோமெட்ரிக்தான் பிடிக்கும், ஏனென்றால் அது ஈசி. ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க ஆடிய ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டின் வீடுகளும் அந்த மாதிரிதான் நின்றன. வரைபடத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் வீடு அதே சாய்வில் இருக்கும். வானிஷிங் பாயிண்ட் இருந்திருந்தால் இழுக்கவே முடியாது, இழுக்க இழுக்க எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

சீனாவின் நீள்சுருள் ஓவியங்கள் செய்தது இதைத்தான். ஸாங் ஸெதுவான் வரைந்ததாகச் சொல்லப்படும் ‘ச்சிங்மிங் திருவிழாவில் ஆற்றங்கரை’, 12ஆம் நூற்றாண்டுப் படைப்பு. உயரம் 25 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டருக்கு மேல். பாலம், கடை, ஓட்டு வீடு, நகர வாயில் என்று பல கட்டுமானங்கள். அதை ஒரே நேரத்தில் முழுக்க விரித்துப் பார்ப்பது வழக்கமில்லை. ஒரு கை விரிக்க, மறு கை சுருட்ட, ஒரு முழ அளவு கண் முன்னே நகரும். நகர்கிற படத்துக்கு நிலையான கண் உதவாது. அதனால் அவர்கள் கட்டடக் கோடுகளை இணையாகவே விட்டார்கள். ‘சீனருக்குப் பெர்ஸ்பெக்டிவ் தெரியவில்லை’ என்று ஐரோப்பியர் நீண்ட காலம் எழுதிவந்தது, ஸ்க்ரோல் பண்ணுகிற திரையைப் பார்த்து ஏன் புகைப்படம் மாதிரி இல்லை என்று கேட்பதுபோல.

ஆனால் இப்படி அளவுகோல் வைத்துக் கட்டடம் வரைவதை, ஜியேஹுவா என்று அதற்குப் பெயர், சீனத்துப் படித்த வர்க்கம் மதிக்கவில்லை. வென்ரென் என்று சொல்லப்பட்ட அந்தக் கூட்டம் செவ்வியல் நூல்களைக் கரைத்துக் குடித்து, தேர்வெழுதி, அரசுப் பதவிக்கு வந்தவர்கள். எழுதுகிற அதே தூரிகையாலும் மையாலும் ஓய்வில் மலையும் நீரும் வரைந்தவர்கள். அளவுகோல் பிடித்தவன் அவர்களுக்குத் தச்சன். 11ஆம் நூற்றாண்டின் குவோ ஷி, அவர் அரண்மனை ஓவியர்தான் என்றாலும் அவர் சொன்னதை இவர்களும் பிடித்துக்கொண்டார்கள்: மலையைப் பார்க்க மூன்று தூரங்கள் உண்டு; அடியில் நின்று மேலே பார்ப்பது, முன்மலையிலிருந்து பின்மலைக்குள் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தொலைவுக்குப் பார்ப்பது. ஒரே படத்தில் மூன்றும் இருக்கலாம். கண் நடந்து போகும் என்பதுதான் கணக்கு. இந்தப் படங்களில் வீடு என்பது மலையின் மடிப்பில் ஒரு கூரை, அவ்வளவுதான். மீதி இடம் மூடுபனி. மூடுபனியை அவர்கள் வரைவதில்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டு உலகமும் முட்டிக்கொண்ட இடம் பெய்ஜிங் அரண்மனை. மிலான்காரர் ஜுசெப்பே காஸ்திலியோனே 1715இல் இயேசு சபைச் சகோதரராக அங்கே போய், லாங் ஷிநிங் என்ற பெயரில் மூன்று பேரரசர்களுக்கு வரைந்து, 1766இல் அங்கேயே இறந்தார். பட்டில் சீன வண்ணத்தால் ஐரோப்பிய நிழலும் கனமும் கொண்டுவந்தார். அரண்மனைச் சுவர்களில் இல்லாத தூணையும் இல்லாத வாசலையும் இருப்பதுபோல வரையும் பாணி அவர் வழியாகப் பரவியது. அவரிடம் விளக்கம் கேட்டுக் கற்ற நியன் ஷியாவ் என்ற அதிகாரி 1729இல் பெர்ஸ்பெக்டிவ் பற்றிச் சீன மொழியில் ஒரு நூலே வெளியிட்டார். இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் ஆந்த்ரேயா போட்ஸோவின் பாடநூல்தான் அதன் அடிப்படை. இந்த நியன் ஷியாவ் ஜிங்தெஜென் பீங்கான் சூளைகளை மேற்பார்த்தவரும்கூட. எஞ்சினியர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

எதிர்ப்பு, மரியாதையாகவே வந்தது. ஸோவ் யிகுய் என்ற பூ ஓவியர், அதே அரசவையில் இருந்தவர், தன் ஓவிய நூலில் மேற்கத்தியரைப் பற்றி ஒரு சிறு பகுதி எழுதியிருக்கிறார். சுருக்கமாக: அவர்கள் கணக்கு தெரிந்தவர்கள், வெளிச்சம், நிழல், தூரம், நெருக்கம் எதிலும் ஒரு மயிரிழை தப்பாது, சுவரில் மாளிகை வரைந்தால் உள்ளே நடந்து போகலாம் என்று தோன்றும், மாணவர்கள் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அவர்களிடம் தூரிகை வழி கிடையாது, எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் அது கைவேலை, ஓவியத்தில் சேராது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஸோவ் மீது ஒரு பக்கம் கோபமும் ஒரு பக்கம் ஒப்புதலும் வரும். கைவேலை என்று ஒதுக்குவது பதவியில் உட்கார்ந்தவன் பேச்சு. சாதித் திமிருக்கு அந்த ஊரில் வேறு பெயர், அவ்வளவுதான். ஆனால் ‘உள்ளே போகலாம் என்று தோன்றும்’ என்று அவர் கவனித்தாரே, அது நுட்பம். அந்தப் படம் உங்களை வாசலில் நிறுத்தி வைக்கிறது. நிற்க வேண்டிய இடத்தை அதுவே முடிவு செய்துவிடுகிறது.

*

இனி பாரமகால். இன்றைய கிருஷ்ணகிரியும் திருப்பத்தூர்ப் பக்கமும் அதில் அடக்கம். கம்பெனி நிர்வாகத்தில் தருமபுரியும் அதோடு சேர்ந்தது. பன்னிரண்டு கோட்டை என்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது இந்தக் கோட்டைகளில் பெரும்பாலானவை எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனியாகப் போனதும் அவையும் போய்விட்டன. எங்கள் வீட்டில் இன்னும் ராயக்கோட்டையை ‘நம்ம ஜில்லா’ என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாம் மைசூர்ப் போரில் ராயக்கோட்டை 1791 ஜூலையில் மேஜர் கௌடி படையிடம் விழுந்தது. கிருஷ்ணகிரி மேல்கோட்டையை அந்த நவம்பரில் மாக்ஸ்வெல் ஏறிப் பிடிக்கப் பார்த்து, மேலிருந்து உருண்டு வந்த பாறைகளில் ஆட்களை இழந்து இறங்கினார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம். திப்பு பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஏப்ரலில் டேனியல்கள் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார்கள். மை காயுமுன் என்பார்களே, அப்படி. லண்டனில் அப்போது திப்பு என்றால் கூட்டம் கூடும். படையோடு போன ராபர்ட் ஹோம் 1794இல் மைசூர்க் காட்சிகளை அச்சிட்டுவிட்டார். பீரங்கிப் படை அதிகாரி ஜேம்ஸ் ஹன்டரின் படங்கள் அவர் இறந்த பிறகு வந்தன. டேனியல்களுக்கு இது பிழைப்பு. தாமஸ் சத்திரக்காரர் மகன், கோச்சு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கப் பழகி வந்தவர். பயணச் செலவுக்கு ஓவியங்களைப் பரிசுச்சீட்டு போட்டு விற்றவர். கைவேலைக்காரர் என்ற ஸோவின் வசவு இவருக்கு அப்படியே பொருந்தும், வசவாக இல்லாமல்.

பல்லக்கு, சுமையாட்கள், வரையும் மேசை, கூடவே ஒரு காமிரா அப்ஸ்க்யூரா. இருட்டுப்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் காகிதத்தில் விழும். அதன் மேல் பென்சிலை ஓட்டினால் போதும். கட்டடத்துக்கு அற்புதமான கருவி. கல்கத்தாவின் புதுத் தெருக்களை அவர்கள் வரைந்ததைப் பாருங்கள்: தூண் வரிசை, ஜன்னல் வரிசை எல்லாம் ஒழுங்காக ஒரு புள்ளிக்கு ஓடுகின்றன. மதுரையிலும் தூண்கள் அதே கணக்குக்குக் கட்டுப்படுகின்றன.

ராயக்கோட்டையில் என்ன செய்வது? அங்கே கோடு இல்லை. பாறை, பாறை மேல் பாறை, அதன் வளைவில் ஒட்டிக்கொண்டு போகிற சுவர். சுவர் கட்டியவன் நேராகக் கட்டவில்லை. பாறை எங்கே செங்குத்தோ அங்கே சுவரே கிடையாது, மலையே மதில். எங்கே கட்டடம் முடிந்து எங்கே மலை தொடங்குகிறது என்று பக்கத்தில் போய் நின்றாலும் சொல்வது கஷ்டம். இருட்டுப்பெட்டிக்கு இது வெறும் ஓரக்கோடுதான். வானிஷிங் பாயிண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

அதனால்தான் அந்தப் படங்கள் அவர்களின் மற்ற படங்களைப் போல இல்லை. பெரும்பகுதியை மலையும் வானமும் எடுத்துக்கொள்கின்றன. கோட்டை, அது கிடந்த இடத்திலிருந்து மெல்லிய பல்வரிசையாகத் தெரிகிறது. கீழே மனிதர்கள் விரல்நுனி அளவில். மலை பெரிது, மதில் சிறிது, ஆள் அதனினும் சிறிது: வென்ரென் ஒருவரிடம் காட்டியிருந்தால் வண்ணத்தைக் குறை சொல்லியிருப்பார், அமைப்பைக் குறை சொல்லியிருக்க மாட்டார். கான்டனில் ஐரோப்பிய வணிகர்களுக்காக அந்த ஊர் ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் பண்டசாலை முகப்புகளை வரிசையாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். டேனியல்கள் அந்தச் சந்தையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அங்கே சீனக் கை ஐரோப்பியக் கண்ணுக்கு வேலை செய்தது. ராயக்கோட்டையில் நிலம் அதைத் திருப்பிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் படத்தை ராயக்கோட்டைக்காரரான என் தாய்மாமனிடம் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “எங்க நின்னு வரைஞ்சான் இவன்?” என்றார். தெரியலை மாமா, கிழக்குப் பக்கமா இருக்கும் என்றேன். “இது மலைதான்டா மாப்ள, இல்லேங்கல. ஆனா இப்படி நிக்காது. சந்தைக்கு நடந்து வரப்ப பாரு, ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு மலை. ஏரிப் பக்கம் ஒண்ணு, ரயிலடிப் பக்கம் ஒண்ணு. இவன் ஒண்ணைப் புடிச்சு வச்சுட்டான்.” குவோ ஷியை மாமா படித்ததில்லை.

ஒன்றைப் பிடித்து வைப்பது அப்போது இங்கே ஓவியர்களின் வேலை மட்டும் இல்லை. அதே 1792இல் அலெக்சாண்டர் ரீட் பாரமகாலுக்குப் பொறுப்பேற்று, தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களோடு வயல் வயலாக அளக்கத் தொடங்கினார். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் போன வரிமுறைக்கு நாற்றங்கால் இந்த மண். மன்றோ 1799 வரை தருமபுரியில் இருந்தார். தான் வளர்த்த தோட்டத்தைப் பற்றிக் கடிதங்களில் ஆசை ஆசையாக எழுதினார், விட்டுப்போகும்போது வருத்தப்பட்டார். பகலில் வரிக்கணக்கு, சாயங்காலம் தோட்டம். சீனத்தில் பிறந்திருந்தால் மூங்கில் வரைந்திருப்பார். வென்ரென் என்றால் உலகைத் துறந்தவர் என்றொரு கற்பனை நமக்கு இருக்கிறது. உண்மையில் அவர்களும் வரி வசூலித்த அதிகாரிகள்தான். மூடுபனியை வெள்ளையாக விட்ட அதே கை நிலப்பதிவேட்டில் கையெழுத்தும் போட்டது. ஆகவே மேற்கத்தியக் கண் ஆதிக்கக் கண், சீனக் கண் தியானக் கண் என்று பிரிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

நமக்கென்று ஒரு கண் இருந்ததா என்ற கேள்வி வரும். இருந்தது. தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் ராமாயண, பாரத, பாகவதக் காட்சிகள், விஜயநகர நாயக்கர் பாணியில். விதான ஓவியத்தை நின்று பார்க்க முடியாது. கழுத்தை நிமிர்த்தி, நடந்துகொண்டே பார்க்க வேண்டும். அந்தப் பாணியில் அரண்மனை என்றால் இரண்டு தூண், மேலே ஒரு வளைவு, உள்ளே ஆள். ஆழம் கிடையாது. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம். சுருள் ஓவியத்தைப் புரட்டி மேலே ஒட்டிவிட்டால் கிட்டத்தட்ட இதுதான். கூரை ஒழுக்கும் புகையும் தின்றது போக மிச்சத்தைத்தான் நாம் பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் அதை யாரும் எனக்கு அனுப்பியதில்லை.

*

டேனியல்களிடம் தற்செயலாக நடந்ததைத் தெரிந்தே செய்த ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் வந்தார். வு குவான்ஜோங், 1919இல் ஜியாங்சு மாகாணத்து யிஷிங்கில் பிறந்தவர், கிராமத்து வாத்தியார் மகன். முதலில் படித்தது மின் பொறியியல். நண்பன் ஒருவன் கலைக்கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்ட, 1936இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹாங்ஜோவில் ஓவியம் சேர்ந்தார். எங்கள் செட்டில் இப்படிச் செய்தவர்கள் சினிமாவுக்குத்தான் போனார்கள். 1947இலிருந்து மூன்று வருஷம் பாரிஸ். திரும்பி வந்தபோது மாவோவின் சீனா. அவருடைய பாரிஸ் பாணி பூர்ஷ்வாத்தனம் என்று சொல்லப்பட, சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில் வாட்டர்கலர் சொல்லிக்கொடுக்கப் போனார். 1970இல் ஹெபெய் கிராமத்துக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். ஈசல் கிடையாது. எரு அள்ளும் கூடையின் நீண்ட கைப்பிடியில் பலகையைச் சாய்த்து வரைந்தார். சக ஓவியர்களும் அப்படியே செய்ய, எருக்கூடைப் பள்ளி என்று தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள்.

அவர் திரும்பத் திரும்ப வரைந்தது யாங்சிக்குத் தெற்கே உள்ள பழைய வீடுகள். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, முன்னால் தண்ணீர். எண்ணெய் வண்ணத்துக்கு வெறுமை பிடிக்காது. கேன்வாஸை மூட வேண்டும். மை ஓவியத்துக்கு வெறுமைதான் உயிர். இந்த முடிச்சை அவர் அவிழ்த்த விதம் எனக்கு ஓர் அழகான கோட் துண்டைப் பார்ப்பதுபோல இருக்கிறது: சுண்ணாம்பு அடித்த சுவரையே வெறுமையாக்கினார். முன்னோர்கள் மூடுபனிக்கு விட்ட வெள்ளை, இவரிடம் வீட்டுச் சுவர். வெள்ளை வண்ணத்தைக் கட்டியாகப் பூசித்தான் அதைச் செய்தார், ஆனால் கண்ணுக்கு விட்டுவைத்த காகிதம் மாதிரி இருக்கிறது. ஓடுகள் இரண்டு மூன்று கறுந்தீற்றல். 1970களின் நடுவில் மையும் காகிதமும் எடுத்து இதையே மறுபக்கத்திலிருந்து செய்தார். 1981இல் வரைந்த ‘இரட்டைத் தூக்கணாங்குருவிகள்’ படத்தில் சுவர் கிட்டத்தட்ட மோந்திரியான் கட்டம். 1992இல் பிரிட்டிஷ் மியூசியம் உயிரோடிருக்கும் சீன ஓவியர் ஒருவருக்கு முதல்முறையாகக் கண்காட்சி வைத்தது, இவருக்கு. பிடிக்காத படங்களைத் தானே கிழித்து எரித்தவர். 2010இல் இறந்தார்.

கட்டடத்தை வரைவதை வென்ரென் மரபு ஏன் ஒதுக்கியது, அதையே எடுத்து எப்படி அந்த மரபுக்குள் வைக்கலாம் என்று காட்டியவர் அவர். அளவுகோலும் வேண்டாம், மூடுபனியும் வேண்டாம். ஸோவ் யிகுய் கேட்ட தூரிகை அங்கே இருக்கிறது. உள்ளே நடந்து போகத் தோன்றுவதும் இருக்கிறது.

சென்னை ஓவியக் கல்லூரியில் 1929இலிருந்து முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளப் பாணியும் ஐரோப்பியப் பயிற்சியும் சேர்ந்தவர். சாந்திநிகேதனுக்கு 1939இல் ஷூ பெய்ஹோங் வந்து தங்கி, மலையை நகர்த்தும் கிழவன் கதையை இந்திய உடல்களை மாதிரியாக வைத்தே வரைந்தார். ஆகவே வழிகள் இருந்தன. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளை, கருங்கல் பலகையை நட்டு வேலி போட்டு, கல்லையே கூரைக்கும் போட்டு, மேலே சுண்ணாம்பு அடித்து, பின்னால் மொட்டைப் பாறையோடு நிற்கும் வீடுகளை அந்தக் கண்ணோடு யாராவது தொடர்ந்து வரைந்து நான் பார்க்கவில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் அங்கே பஞ்சமே இல்லை.

பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை ராயக்கோட்டை வழியாகத்தான் ஊருக்குப் போகிறேன். கோட்டை மலை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் அது அப்படியே இருக்கிறது. பெயர் இல்லாத மலைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வயர் கட்டிங் இயந்திரம் பாறையை வெண்ணெய்க் கட்டி மாதிரி அறுக்கிறது. மேலிருந்து கீழே செங்குத்து, பிறகு கிடைமட்டம், மறுபடி செங்குத்து. லாரியில் ஏறுகிற ஒவ்வொரு கல்லும் சரியான கனசெவ்வகம். போன முறை பஸ் ஜன்னலிலிருந்து அப்படி ஒரு மலையைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். விளிம்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, பின்னால் போகப் போக நெருங்கி, ஒரு புள்ளியை நோக்கி ஓடின.